மூன்றாம் மாதத்து ரத்தம்

வெந்தயம் ஊறிய தண்ணீரின் வாசனை எந்த அடுக்களையிலிருந்து வந்தாலும் எனக்கு முதலில் வயிறு எரியும். பசியில்லை அது. பாதி மழைநாள் சாக்கு, பாதி அடிப்பிடித்த சீனிப்பாகு, அப்படி ஒரு வாசனை. எவர்சில்வர் டம்ளரில் ஊறவைத்து, மேலே தட்டு போட்டு மூடி, விடிந்ததும் இரண்டு கையாலும் ஏந்தி ஒருத்திக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்ட தண்ணீர். அந்த ஒருத்தி நான் இல்லை. தலை பாதி வெளுத்துவிட்டது. இன்னும் அந்த டம்ளரை நினைத்தால் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து, எனக்கு, எனக்கு என்று கேட்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். பாளையங்கோட்டையில் கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரே வீட்டில், பதினைந்து நாள் வித்தியாசத்தில் இரண்டு பேர் முழுகாமல் இருந்தோம். நான் இளையவள், கல்யாணமாகி ஆறே மாதம். இன்னொருத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. ராதாபுரத்துக்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நெடுநெடுவென்று இருப்பாள். அவள் உட்கார்ந்த இடத்தில் கூட்டம் சேரும். பூக்காரி நான்கு முழம் அளந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு சாண் விடுவாள். எனக்கு நான்கு முழம் என்றால் நான்கு முழம்தான்.

அவளுக்கு அது இரண்டாவது வயிறு. இரண்டு வருடம் முன்னால் முதல் பிள்ளை அவள் அம்மை வீட்டில் பிறந்தது. ஒன்பது மாதம் நிறைந்து, நாலரை கிலோ ஆண்பிள்ளை. மூச்சில்லை. அந்த ஒன்பது மாதமும் அவள் கேட்டதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி கேட்டு இல்லையென்று சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அதிரசம் கேட்டாள், அதிரசம். கருப்பட்டி கேட்டாள், சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி. வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் கையில் பலகாரத்தோடுதான் வந்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டியவர்கள் அதன் கன்னத்தை மட்டும் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவ்வளவு அழகான கன்னம். ஏன் போனது என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்த முறை என் மாமியார் காத்திருக்கவில்லை. அவர்களை நான் அத்தை என்பேன். இரண்டு மாதம் தாண்டியதுமே அத்தை அக்காவை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். தன் வீட்டின் முன்பக்கத்தையே ஆஸ்பத்திரியாக வைத்திருந்தார் டாக்டரம்மா. வெள்ளை வாயில் சேலை. பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், நம் கைமடிப்பில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே பேசுவார். முதல் பிள்ளையின் எடையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாலரை கிலோவா. அப்ப யாரும் சர்க்கரை பாத்தாங்களா?"

"சர்க்கரையா? எங்க வீட்ல யாருக்கும் கெடையாதே," என்றாள் அக்கா.

"வீட்ல இருக்க வேண்டாம். வயித்துல பிள்ளை இருக்கும்போது மட்டும் வரும், பெத்ததும் போயிரும். வழக்கமா ஆறாம் மாசத்துக்கு மேலதான் தலைகாட்டும், அதனால எல்லாரும் அப்பதான் பாப்பாங்க. நான் மூணாம் மாசமே பாத்துருவேன். வரப்போறது ரத்தத்துல கொஞ்சம் முந்தியே வந்து நிக்கும். எல்லாருக்கும் நிக்காது. நிக்கிறவங்களுக்கு நமக்கு மூணு மாசம் லாபம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் முழுகாம இருக்கியா? வந்தது வந்த, நீயும் ரத்தம் குடு."

மறு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு போனோம். ஒரே பெஞ்சு. ஒரே நர்ஸ் பெண்தான் எங்கள் இருவருக்கும் ஊசி போட்டு, குழாயில் பேர்ச் சீட்டும் ஒட்டினாள், அக்காவிடம் இரண்டு குழாய், என்னிடம் ஒன்று. ஒரு குழாய் அங்கேயே பார்ப்பதற்கு. அக்காவின் இரண்டாவது குழாய், முந்தைய இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துச் சொல்கிற ஒரு சோதனைக்கு. ஐஸ் போட்ட பிளாஸ்கில் மதுரைக்குப் பஸ்ஸில் போனது. என் ரத்தம் எங்கும் போகவில்லை. அப்போதே எனக்கு முகம் சுண்டியது என்றால் நம்பமாட்டீர்கள்.

வெறும் வயிற்றில் அவளுக்கு நூற்றொன்று. எனக்கு எழுபத்தாறு.

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் இரண்டாவதாக வந்தவளில்லை நான். அந்தச் சீட்டைப் பார்த்ததும் முதலில் தோன்றியது அதுதான்.

"உனக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்று அக்காவிடம் சொன்னார் டாக்டரம்மா. "மதுரைச் சீட்டும் அதையேதான் சொல்லுது. பெரிய தூக்கல் இல்ல. ஆனா முதல் பிள்ளை கதையையும் சேத்துப் பாத்தா, நான் விடமாட்டேன். இன்னையிலேர்ந்து பத்தியம். இனிப்பு கிடையாது. சாப்பிட்டதும் நடக்கணும். பிரசவம் இங்கதான், என் கையிலதான்."

அக்கா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப இந்தப் பிள்ளை நிக்குமா டாக்டரம்மா?"

"நிக்கிறதுக்குத்தானே இப்பமே பாக்கேன்."

என் சீட்டை என்னிடம் நீட்டினார். "உனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா சாப்பிடு."

அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் இல்லை.

அன்று மாலையிலிருந்து வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்கு விடிந்ததும் வெந்தயத் தண்ணீர், அவளுக்குக் கேழ்வரகு அடை, அவளுக்கு முருங்கைக்கீரை, அவளுக்குப் பாகற்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி வதக்கியது. அத்தை தன் அறுபது வயது விரல்களால் அந்தப் பாகற்காயின் விதைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். என் மாமனார் மனிதரோடு மனிதராக நின்று பேசிப் பழக்கமில்லாதவர், தாசில்தார் ஆபீஸ் ரிட்டையர்டு ஹெட்கிளார்க். அவர் மத்தியானச் சாப்பாடு ஆனதும் குடையை எடுத்துக்கொண்டு, "நடப்பமாம்மா?" என்று அவளைக் கேட்பார். இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் மருதமர நிழலோடு போவார்கள். அவர் நான்கடி முன்னால், அவள் பின்னால். பேசவே மாட்டார்கள். அந்தப் பேசாமையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். மாடி சன்னல் கம்பி என் நெற்றியில் பதிந்திருக்கும்.

என் கணவரும் சும்மா இருக்கவில்லை. ஆபீஸிலிருந்து வரும்போது மேலப்பாளையம் சந்தையில் இறங்கிக் கொய்யாக்காய் வாங்கி வருவார். பழுக்காதது, செங்காய். "மதினிக்கு," என்பார் வாசலிலேயே, நான் கையை நீட்டுவதற்கு முன்னால்.

"எனக்கு?"

"உனக்கென்ன, நீதான் எல்லாம் திங்கலாமே."

எல்லாம் தின்னலாம். அதில்தான் எனக்குச் சிறை. வீட்டுக்கு வருகிற இனிப்பெல்லாம், பெரியவள் கண்ணில் பட்டால் ஏங்கிப்போவாள் என்று, அத்தை என்னை அரிசி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தித் தின்னச் சொன்னார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் அம்மை அனுப்பிய முந்திரிக்கொத்து, விசேஷ வீடுகளிலிருந்து வந்த லட்டு, பால்கோவா. அரிசி மூட்டைக்கும் புளிப்பானைக்கும் நடுவில் நின்றுகொண்டு, திருடியைப் போல, வாயைத் துடைத்துக்கொண்டு தின்றேன். வெளியே அடுக்களையில் பாகற்காய் வதங்கும் சத்தம் கேட்கும். அந்தக் கசப்புக்கு ஏங்கினேன். எவ்வளவு இனிப்பு தின்றாலும் அந்தத் தட்டில் என் பேர் எழுதப்படாது என்று தெரிந்தது.

வாந்தி எனக்குத்தான் அதிகம். ஐந்தாம் மாதம் வரை நிற்கவில்லை. கொல்லையில் குனிந்து நிற்கும்போது பின்னால் வந்து முதுகைத் தடவியது யார் தெரியுமா? அக்கா. "பைய எடு, பைய எடு," என்று சொல்லிக்கொண்டு தலைமுடியை ஒதுக்கிப் பிடிப்பாள். அந்தக் கையையும் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள். "ஏட்டி மூத்தவ, நீ அங்கன நிக்காத, உனக்கும் பெரட்டும். அவளுக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கா."

கல்லுக்குண்டு. நல்ல உடம்புக்கு அந்த வீட்டில் கிடைத்த பட்டம் அது.

புரட்டாசி கடைசியில் எனக்கு ஆறு மாதம் முடிகிற நேரம், ஆறாம் மாதச் சோதனைக்கு இரண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அதற்கு முறை உண்டு. முந்தைய நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காலையில் ஒரு தடவை ரத்தம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, மறுபடி ரத்தம்.

அன்று காலை அத்தை அக்காவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் புடவை கட்டி நின்றேன். யாரும் பார்க்கவில்லை. அரிசி அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். அதுவரை மற்றவர்கள் சாத்திய கதவு. அன்று நானே சாத்தினேன். ராதாபுரத்திலிருந்து அக்கா வீட்டில் அனுப்பி, அவள் தொடக்கூடாது என்று உயரத்தில் வைத்திருந்த கருப்பட்டி. ஒரு வில்லையை முழுசாக உடைத்துத் தின்றேன். மேலே நான்கு முந்திரிக்கொத்து. வெல்லமும் பயறும் தொண்டையில் அடைத்தது, தண்ணீர் விட்டு இறக்கினேன். ஏன் செய்தேன் என்று அந்த நிமிடத்தில் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியும். ஒரே ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் எனக்கும் ஏதாவது இருக்கட்டும்.

எனக்கு வெறும் வயிற்றில் நூற்றிருபத்தெட்டு என்று வந்தது. குளுக்கோஸ் குடித்த பிறகு நூற்று நாற்பது சொச்சம். மூன்று மாதம் பாகற்காயும் கால்வாய்க் கரையுமாக இருந்த அக்காவுக்கு வெறும் வயிற்றில் எண்பத்தெட்டு; குடித்த பிறகு, டாக்டரம்மா சொன்ன எல்லைக்குக் கொஞ்சம் கீழே.

டாக்டரம்மா அவளிடம், "பத்தியம் வேலை செய்யுது, விட்டுராத," என்றார். என் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஒண்ணோட ஒண்ணு சேரலையே. வெறும் வயித்துல இவ்வளவு இருந்தா, குடிச்ச பிறகு எங்கயோ போயிருக்கணும். அதுலயும் உனக்கு மூணாம் மாசத்துல சுத்தமா இருந்துச்சே." முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "காலையில ஏதும் சாப்பிட்டியா?"

"இல்லை."

"ஒரு வாய் காப்பி?"

அத்தை குறுக்கே வந்தார்கள். "பச்சத்தண்ணி தவிர பல்லுல படல டாக்டரம்மா. நான் சாட்சி."

"சரி. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பாப்போம். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் டவுன் பஸ் வீட்டுக்கு வருவதற்குள் அத்தை வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பஸ்ஸிலேயே என் பக்கம் சாய்ந்து, அவள் பக்கம் சாய்ந்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்கள். "தூக்கலா இருந்தவளுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னவளுக்கு ஏறிக் கெடக்கு. கேட்டியா, இது என்ன அதிசயமா? அன்னைக்கு ரெண்டு பேரு ரத்தத்தையும் ஒரே குட்டிதானே எடுத்தா. சீட்டை மாத்தி ஒட்டிட்டா. மதுரைக்குப் போன குழாயும் அவ ஒட்டுனதுதானே. மூணாம் மாசத்து ரத்தம் உன்னது இல்லட்டி மூத்தவளே. இவளது."

போய்ச் சேர்ந்ததும் இதைக் கேட்ட மாமனாரும் யோசித்துவிட்டு, "ஆபீஸ்லயும் ஃபைல் இப்படித்தான் மாறும்," என்றார். வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

யாரும் மாற்றவில்லை என்று தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அன்று சாயந்தரமே டம்ளரில் எனக்கென்று வெந்தயம் ஊறப்போட்டார்கள். பாகற்காயின் விதைகளை எனக்காக எடுத்தார்கள். மாமனார் குடையை எடுத்துக்கொண்டு, "நடப்பமாம்மா?" என்று என்னைக் கேட்டார். நடந்தேன். மருத இலைகள் கால்வாயில் போய்க்கொண்டிருந்தன. நான்கடி முன்னால் அவருடைய வேட்டி நுனி. மூன்று மாதமாக மாடியிலிருந்து பார்த்த அந்த நடை எனக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அதில் ஒன்றுமே இல்லாமலிருந்தது. திரும்பி மாடியைப் பார்த்தேன், சன்னலில் யாராவது நெற்றியைப் பதித்து நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. அவள் அடுக்களையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் கொல்லைத் துவைகல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏட்டி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியே."

"சொல்லு."

"உனக்கு வந்துட்டுன்னு எனக்குச் சந்தோசம்னு நெனச்சுராத." துவைகல்லில் ஒட்டியிருந்த சோப்பை நகத்தால் சுரண்டினாள். "இருக்கு. கொஞ்சம் இருக்கு. அது உனக்கு வந்ததுக்கு இல்ல. மூணு மாசமா நான் என்ன நெனச்சிக்கிட்டிருந்தேன் தெரியுமா? முதப் பிள்ளையை நாந்தான் கொன்னுட்டேன்னு. அதிரசத்தைத் தின்னு தின்னு கொன்னுட்டேன்னு. அந்த ரத்தம் என்னது இல்லன்னா, அப்ப அது என்னால போகலதானே?"

கொடியில் கிடந்த துண்டை இழுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"சொல்லுட்டி. படிச்சவதானே நீ."

"தெரியலக்கா," என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அழுதாள். இரண்டு வருடத்தில் அவள் அழுது வீட்டில் யாரும் பார்த்ததில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். அழுது முடித்துவிட்டு எனக்கு வகுப்பெடுத்தாள். பாகற்காயை மோரில் ஊறவைத்தால் கசக்காது. நடக்கும்போது பாதிக்கு மேல் போனால் இடுப்பு பிடிக்கும், மாமாவிடம் சொல்லத் தயங்காதே, அவரும் நிற்கத்தான் காத்திருப்பார். நோயை அவ்வளவு அழகாக வைத்திருந்தாள். அதை எனக்கு அவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்தாள். அவள் நல்லவளாக இருந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எதைத்தான் பொறுத்தேன்.

மறுநாளிலிருந்து அரிசி அறைக் கதவு அவளுக்காகத் திறந்தது. இல்லை, கதவே வேண்டியிருக்கவில்லை. கூடத்தில், எல்லார் நடுவிலும், அத்தை தட்டில் வைத்தே கொடுத்தார்கள். "மூணு மாசம் அடுத்தவ நோய்க்கு இவளைப் பட்டினி போட்டுட்டேனே," என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு முந்திரிக்கொத்தை விளிம்பில் கடித்தாள். இரண்டாம் நாள் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து ஆறு தின்றாள். அப்போது அவள் முகம் இருந்த இருப்பை எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன், பத்தியத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு.

மூன்றாம் நாள்தான் தண்ணீரைக் கவனித்தேன். சாப்பிட்டு எழுந்தவள் செம்பு நிறையக் குடித்தாள். அரை மணியில் இன்னொரு செம்பு. கொல்லைக்குப் போய்வந்து இன்னொன்று. "என்னமோ வாய் வறளுதுட்டி," என்றாள் சாதாரணமாக. அத்தை, "வெயில்," என்றார்கள். ஐப்பசி பிறந்து வானம் மூடிக் கிடந்தது. ஆற்றில் செந்தண்ணீர் வந்துவிட்டது என்று பால்காரர் காலையில்தான் சொல்லியிருந்தார். வெயில் எங்கே இருந்தது. அந்தச் செம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலரை கிலோ என்ற சொல் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம், சனிக்கிழமை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தையின் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். 'நான் சாட்சி' என்று டாக்டரம்மாவிடம் சொன்ன முகம். அதைவிட, துவைகல்லில் அழுத முகம். அந்த அழுகையை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது.

இதற்குள் பக்கத்து வீட்டு ஃபோனில் ராதாபுரத்துக்குச் சேதி போய்விட்டது. சர்க்கரை இருந்ததால்தான் பிரசவம் பாளையங்கோட்டையில் என்று இருந்தது. சர்க்கரைதான் இல்லையே. அவள் அம்மை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வருவதாகச் சொன்னார்கள், பிரசவம் ஆகிற வரைக்கும். வளைகாப்பு முதல் வயிற்றுக்குத்தான் என்பதால் இந்த முறை வளையல் இல்லை. ஏழு வகைச் சோறும் பலகாரமும் கட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போவது மட்டும். பதினைந்து நாள் கழித்து எனக்கு இரண்டு கை நிறைய வளையல் காத்திருந்தது. அவளுக்கு இல்லாதது எனக்கு இருந்த ஒரே இடம் அது. அங்கேயும் நான் அவளோடுதான் கணக்குப் பார்த்தேன்.

ஞாயிறு காலை வாடகைக் காரில் வந்தார்கள். அவள் அம்மை, இரண்டு சித்திமார், தூக்குச் சட்டிகள். கூடம் முழுக்கப் புளியோதரையும் தேங்காய்ச் சோறும் மணத்தது. ஆளுக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும் என்று முறை. புளியோதரையை ஊட்டியவர்கள் குறைவு. எல்லார் விரலிலும் அதிரசம், சர்க்கரைப் பொங்கல்.

"வாயைத் தொற, இன்னும் ஒண்ணு."

"சித்தி, போதும்."

"மூணு மாசம் வஞ்சனை பண்ணுன வாயில்லா, தொறடி."

என் முறை வந்தது. சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். எடுத்த கை பாதியில் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்து காத்திருந்தாள், உதடு வறண்டு வெடித்திருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தயிர்ச்சோற்றில் ஒரு கவளம் எடுத்து ஊட்டினேன்.

"பாத்தியா, ஓரகத்தி குணத்தை," என்றாள் ஒரு சித்தி. "இனிப்பு குடுக்க மனசு வரல."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் இத்தனை மாதமும் உண்மை இருந்தது. அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் இல்லை.

நல்ல நேரம் முடிவதற்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். அக்கா அத்தை காலில் விழுந்து எழுந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சட்டிகளை டிக்கியில் எப்படி அடுக்குவது என்று அவள் அம்மையும் சித்திமாரும் டிரைவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, ரசம் சாய்ஞ்சா உங்க வண்டிதான் மணக்கும்." அத்தை வாசலில் ஆரத்தித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் காரின் அந்தப் பக்கச் சன்னலுக்குப் போனேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படிப்பவர்கள் அந்தக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். தை மாதம் பாளையங்கோட்டையில் டாக்டரம்மாவின் கையில் அவள் பையன் பிறந்தான். மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பிறந்ததும் அழுதான். என் மகள் வந்தது அதற்குப் பதினெட்டு நாள் கழித்து. அத்தை முதலில் தூக்கியது அவனைத்தான் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. இதுதான் நான்.

சன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"அக்கா, அன்னைக்குக் காலையில நான் தின்னுட்டுத்தான் வந்தேன்."

"என்னைக்கு?"

"டெஸ்டுக்குப் போன அன்னைக்கு. கருப்பட்டி. முந்திரிக்கொத்து. அரிசி ரூம்ல நின்னு. எனக்கு ஒண்ணும் கெடையாது. யாரும் எதையும் மாத்தல. மூணாம் மாசத்து ரத்தம் உன்னதுதான்."

அவள் என்னையே பார்த்தாள். கையில் யாரோ திணித்திருந்த அதிரசத்தை மெல்ல ஒரு தாளில் சுற்றிச் சீட்டின் மேல் வைத்தாள்.

"எதுக்குட்டி?"

"எல்லாரும் உன்னையே பாத்தாங்க."

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் தேடியிருக்கிறேன். இல்லை.

"அப்ப நாந்தானா?" என்றாள். முதல் பிள்ளையைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"உனக்கு யாரும் சொல்லல அப்ப. யாரும் பாக்கல. இப்ப பாத்தாச்சில்லா. டாக்டரம்மா மூணு மாசம் லாபம்னு சொன்னாங்கள்ளா. நாந்தான் அதுல அஞ்சு நாளைத் தின்னுட்டேன். இறங்கிருக்கா. போகாத."

"ஏறுன வண்டியிலேர்ந்து இறங்கக்கூடாது." குரல் தரையில் உரசியது போலிருந்தது. தலையை முன்னால் நீட்டி, "எம்மா," என்று கூப்பிட்டாள். "திங்கக்கெழம சாயந்தரம் நான் இங்க திரும்பணும். செவ்வாக்கெழம டாக்டரம்மாவைப் பாக்கணும். பிரசவமும் இங்கதான்."

"என்ன இது, இப்பம் போயி?" என்றார்கள் அவள் அம்மை, ரசச் சட்டியைக் கையில் பிடித்தபடியே.

"வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன். ஏறுங்க."

கதவுகள் சாத்தப்பட்டன. டிரைவர் சாவியைத் திருகினார். நான் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விட மனசில்லாமல். அவள் என் விரல்களைப் பார்த்தாள்.

"கை மட்டும் நல்லா எட்டிருந்தா ஒண்ணு வச்சிருப்பேன் ஒனக்கு," என்றாள்.

"வந்து வையி."

"வருதேன். அத்தைகிட்ட இன்னைக்கே நீயே சொல்லணும். நான் வந்து சொல்லுத மாதிரி வைக்காத."

"சொல்லுதேன்."

"செவ்வாக்கெழம ரெண்டு பேரும் சேந்துதான் போறோம். பட்டினியா வரணும் நீ."

"பட்டினியா வாரேன்க்கா."